பிறந்த கிழமை சொன்ன மெஷின்

மாதுங்கா
10-2-2025

அன்புத் தம்பி மிக்கேல்ராஜுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் தாராவி ஷெட்டில் நாம் இருவரும் நாலு வருஷமாக உயிர்கொடுத்த மினி கம்ப்யூட்டர், பீரோ அளவு இருக்கும் எழுபதுகளின் மெஷின், ஞாயிறன்று செம்பூர் ஹால் கண்காட்சியில் முதன்முதலாக ஜனங்கள் முன்னால் ஓடப்போகிறது. மெமரி திடீர் திடீரென்று நிற்கிறது என்பதற்காக, உள்ளே புது போர்டு ஒன்றை ஒளித்துவைத்துப் பழைய விளக்குகளை மினுக்கலாம் என்கிறாயே! இன்ஷூரன்ஸ் ஆபீசில் நான் முதல் புரோகிராம் எழுதியது இதே மாதிரி மெஷினில். பொம்மை காட்ட நான் வரமாட்டேன்.

உன் அம்மா லூசியம்மாளுக்கு முழங்கால் வலி தேவலையா?

அன்புடன்,
நாகலக்ஷ்மி

தாராவி
12-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கும் கோபம்தான். ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களைப் பழுதுபார்க்கிறவன் நான். ஆட்கள் காத்திருக்கும்போது மெஷின் நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் இல்லாமல் இதை ஆன் செய்ய மனம் வரவில்லை. புது போர்டைக் கழற்றிவிட்டேன். நின்றால் நிற்கட்டும். சனிக்கிழமை செம்பூர் ஹாலில் இறக்கிவிடுகிறேன்.

அம்மா சுகம். உங்களைக் கேட்டாள்.

தம்பி மிக்கேல்

மாதுங்கா
17-2-2025

தம்பி,

இன்னும் படபடப்பு அடங்கவில்லை! பிறந்த தேதியைச் சொன்னால் கிழமையை அடித்துத்தரும் என் புரோகிராமுக்கு வாசல்வரை வரிசை! பரீஹா என்ற பெண் தன் அம்மாவின் தேதியைச் சொன்னதும் விளக்குகள் அப்படியே உறைந்தன. நீ காதருகே வந்து, "அக்கா, நீங்க பேசிக்கிட்டே இருங்க, நா கார்டை உருவுதேன்" என்றாய். நான் எல்லோரையும் கிட்டே அழைத்து, "பாருங்கோ, இந்தக் கடுகத்தனை காந்த வளையமெல்லாம்தான் இதோட ஞாபகம்" என்று காட்டினேன். ஒருவர்கூட நகரவில்லை! நீ அந்த மெமரி கார்டின் அழுக்கேறிய முனையை ரப்பரால் தேய்த்துச் செருகினாயோ இல்லையோ, டெலிபிரிண்டர் தடதடவென்று வியாழக்கிழமை என்று அடித்தது. அந்தப் பெண் தாளைக் கிழித்து மார்போடு அணைத்துக்கொண்டாளே! அத்தனை கைதட்டலும் அது நின்றுபோய் மறுபடி ஓடியதற்குத்தான்.

நாகலக்ஷ்மி அக்கா

தாராவி
19-2-2025

அக்கா,

அணுசக்தி நகரிலிருந்து வந்திருந்த பஞ்சாபகேசன் சாரைத் தெரியும் அல்லவா? "என் தம்பியோட கல்யாண் கோடவுன்ல இதைவிடப் பெரிசா ஒண்ணு இருக்கு. டிஸ்க் மட்டும் வாஷிங் மெஷின் சைஸ். இந்த வாரம் எடுக்கலேன்னா பங்காருக்கு, பழைய இரும்பு எடைக்குப் போயிடும்" என்கிறார். எலி கடித்திருக்கிறதாம். ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. நான் ஒற்றையில் போகமாட்டேன்.

மிக்கேல்

மாதுங்கா
20-2-2025

தம்பி,

சனிக்கிழமை டெம்போ சொல்லிவிடு. முன் சீட் எனக்கு.

அக்கா