மடி உதறும் வாசல்

மதினி,

இன்று சாயங்காலம் தேவாரம் ஊருக்குப் போகிற பஸ்சில், பக்கத்தில் உட்கார்ந்த வெளியூர்க்காரி என்னை மோந்து பார்த்துவிட்டு, "வீட்ல எதும் விசேசமாக்கா? ஏலக்கா மணக்குதே" என்றாள். நமக்குத்தான் அந்த வாசனை தெரியாதே. பாயசத்துக்கு நாலு காய் வாங்க யோசிக்கிறவர்கள் இப்படி மணப்பது நம் பக்கத்தில்தான் நடக்கும்.

கிணறு வற்றி வயல் வேலை நின்றுபோன வருஷம், நாற்று நட்டுக்கொண்டிருந்த நாம் இருவரும் போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு வேலைக்கு வந்தோம். வீட்டுப் பெண்கள் கூலிக்குப் போவதா என்று அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சம்பளம் வரவும் முகம் தானாக இறங்கியது.

மலையிலிருந்து ஜீப்பில் மூட்டைகள் வரும். பச்சை, வெளுத்தது, வெடித்தது என்று முறத்தில் பிரிப்போம். வேலை முடிந்து போகும்போது, வாசலில் கணக்கப்பிள்ளை முன்னால் சீலை மடியை உதறிக் காட்ட வேண்டும். அது மழை வெயில் மாதிரி. யாரும் ஏனென்று கேட்டதில்லை.

ஒருநாள் நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

"கணக்கப்பிள்ளே, மொதல்ல நீங்க வேட்டிய உதறுங்க. அப்புறம் மொதலாளி உதறட்டும். பெறகு நான் உதறுறேன்."

வரிசையே சிரித்தது. மறுநாள் உங்களுக்கு வேலை இல்லை. அண்ணன் படுத்த படுக்கையாக இருந்த நேரம். குரங்கணி மலைத் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போனீர்கள். "அட்டை கடிக்கத்தான் செய்யும். ஆனா மடிய உதறச் சொல்லாதுல்ல" என்றீர்கள்.

பிறகு எவ்வளவோ வந்துவிட்டது. கூவி ஏலம் விட்ட இடத்தில் கம்ப்யூட்டர். நிறம் பார்த்துப் பிரிக்க மெஷின். முறத்தோடு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போனார்கள். நம் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட, தோட்டத்து ஜீப்பில் இந்தி பேசுகிறவர்கள் ஏறுகிறார்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு கிட்டங்கி வாசலில் கேமராவும் வைத்தார்கள். மடி உதறுவது அதோடு நின்றது. நம்மை நம்பி நிறுத்தவில்லை, அது வேறு விஷயம். என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

இன்று வேலை முடிகிற நேரம் முதலாளி மகன் கூப்பிட்டார்.

"கேமரா ரிப்பேராகிருச்சுக்கா. சரியாகுற வரைக்கும் பழையபடி மடிய உதறச் சொல்லி, நீங்க நின்னு பாத்துக்கங்க."

பெண்கள் அதற்குள் வரிசையில் நின்றுவிட்டார்கள். பேரனின் காலேஜ் படிப்பு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அது நன்றாக ஞாபகம் இருந்தது.

"அது என்னால ஆகாது தம்பி. வேற ஆளப் பாருங்க" என்றேன். பெண்களிடம், "வெரசாப் போங்கத்தா, பஸ்சு போயிரும்" என்று சொல்லி, கிட்டங்கிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு நானும் வந்துவிட்டேன். நாளைக்கு உள்ளே விடுவார்களா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன், இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. இத்தனை வருஷமும் உங்களைப் பயமறியாதவர் என்றே எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கு உங்களுக்கும் இப்படித்தான் நடுங்கியதா, மதினி? பக்கத்திலேயே இருந்தும் ஒரு நாள்கூட நான் கேட்கவில்லையே.