புள்ளி விழுந்த பக்கங்கள்

மார்ச் 4

அண்ணன் இன்று கீபோர்டை என் மேல் எறிந்தான். குறி தப்பவில்லை. காதுக்கு மேல் புடைத்திருக்கிறது.

எல்லாம் அவன் அச்சகத்தில் வாங்கிப் போட்ட புது மென்பொருளால் வந்த வினை. மருத்துவமனைகளுக்கான மருந்தளவுக் கையேட்டை ஆண்டுதோறும் ஒரே பழைய டெம்ப்ளேட்டில்தான் செய்கிறோம். புதியதில் திறந்தால் அட்டவணை அப்படியே இருக்கிறது, தசமப் புள்ளிகளை மட்டும் காணோம். 2.5 இப்போது 25. கைக்குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து அது!

"அப்படியே அடிச்சு அனுப்பிடு. எவன் புள்ளியெல்லாம் பாக்குறான்?"

முடியாது என்றேன். அதற்குத்தான் கீபோர்டு.

மார்ச் 5

மென்பொருளின் பழைய வெர்ஷன் எந்தக் கணினியிலும் இல்லை. அவனே அழிக்கச் சொல்லியிருக்கிறான். புள்ளிகளைக் கையால் போடலாம்தான். கையேடு செங்கல் பருமன். ஒன்றை விட்டுவிட்டால்?

மார்ச் 7

இணையத்தில் கிடைத்த பழைய வெர்ஷன்களில் ஒன்று திறக்கவே இல்லை. இன்னொன்று வைரஸோடு வந்தது. திரை கறுத்துப்போனது. அவன் பின்னாலிருந்து வந்து முடியைப் பிடித்து என் நெற்றியை மேஜை விளிம்பில் மோதினான். ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. தையல் போட்டார்கள்.

அம்மா சொல்கிறாள், "அவன் கோவம் பால் பொங்குற மாதிரிடி. உடனே அடங்கிடும்."

அடங்கிடும், சரி. சுட்டது யாரைம்மா? வாய்க்குள்ளேயே கேட்டேன். எப்பவும் வாய்க்குள்ளதான். ஏன்?

மார்ச் 8

அண்ணியின் முதுகில் புதிதாக ஒரு பெல்ட் தடம். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். 

மார்ச் 9

சோடாபுட்டியைத் தேடிப் போனேன். அந்த டெம்ப்ளேட்டைச் செய்தவர் அவர்தான். அண்ணன் கன்னத்தில் விட்ட அறையில் இடது காது கேட்காமல் போய், அச்சக வேலையை விட்டவர்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லும்மா" என்று வலது காதைக் காட்டினார். சொன்னேன்.

"உங்க அண்ணனுக்குன்னா குண்டூசி கூடத் தரமாட்டேன்."

"அவனுக்கு இல்ல சார். அந்த மருந்தைக் குடிக்கப்போற குழந்தைங்களுக்கு."

என் நெற்றித் தையலைப் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய சிடியையும், அது ஓடக்கூடிய பழைய கணினி ஒன்றையும் கொண்டுவந்தார்.

"இன்னொரு செட்டும் வச்சிருக்கேன். உங்க அண்ணனைத் தெரியாதா எனக்கு?"

சிரித்துவிட்டேன். தையல் இழுத்தது.

மார்ச் 11

குனிந்து எழுத முடியவில்லை. எழுத்து கோணல்.

நேற்று மதியம் பின்னறையில் டெம்ப்ளேட் திறந்தது. புள்ளிகள் அத்தனையும் அதனதன் இடத்தில். அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன் — அவன் வந்துவிட்டான்.

"என்னைக் கேக்காம எவன் வீட்டுக்குடி போனே?"

கணினியை உதைத்துத் தள்ளினான். ஒயரைப் பிடுங்கி என் கழுத்தில் சுற்றி இறுக்கினான். கத்த வரல. கண்ணு இருட்டுது. கொன்னுடுவான், இன்னிக்கு கொன்னேபுடுவான் — அவ்வளவுதான் நெனப்பு.

சடக்கென்று எலும்பு முறிகிற சத்தம். என் கழுத்துதான் என்று நினைத்தேன். அவன் மணிக்கட்டு. அண்ணி கையில் காகிதம் வெட்டும்போது வைக்கிற இரும்பு ஸ்கேல். அவன் திரும்பினான், தோளில் அடித்தாள். முழங்காலில் அடித்தாள். விழுந்த பிறகும் அடித்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"போதும் அண்ணி."

"போதுமா? உனக்குப் போதுமா?"

ஸ்கேலை அவள் விரல்களிலிருந்து விடுவித்தேன்.

மார்ச் 12

காவல் நிலையம். "குடும்ப விஷயம், பேசித் தீத்துக்கோங்களேன்" என்றார் எழுத்தர். கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினேன். பேனாவை எடுத்தார்.

அம்மா என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 16

மிச்சமிருந்த சிடியோடும் கணினியோடும் சோடாபுட்டியே அச்சகத்துக்கு வந்தார். வாசற்படியில் கொஞ்சம் தயங்கி நின்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மார்ச் 29

கையேடு அச்சேறியது.

ஏப்ரல் 20

கைதான அண்ணன் ஜாமீனில் வந்து சித்தப்பா வீட்டில் இருக்கிறான். கையில் இன்னும் மாவுக்கட்டு. எங்கள் பக்கம் வரக்கூடாதென்று நீதிமன்ற உத்தரவு. அம்மாவும் அங்கேயே போய்விட்டாள். வரிக்குப் பயந்து அச்சகத்தை அவன் எப்போதோ அண்ணி பேரில் எழுதி வைத்திருந்தான்.

காலையில் அண்ணி அச்சகத்தில் அவன் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"இந்தச் சேரை எப்படி இறக்குறது?"

அடியிலிருந்த கைப்பிடியைக் காட்டினேன். அழுத்தினாள். கால் தரையில் பட்டது.

"சரி, அடுத்த வேலை என்ன இருக்கு?" என்றாள்.