பச்சை நைட்டியும் வான்கோழியும்

என்னங்க, சாவி பூந்தொட்டிக்குக் கீழே இருக்கு. வான்கோழிக் கறி ஃப்ரிட்ஜில இருக்கு. நீங்களே சமைச்சு நீங்களே சாப்பிடுங்க.

நம்ம வான்கோழிச் சேவல், கறிக்கடைக்காரர் கையில சிக்கலைன்னு, நேத்து என் பச்சை நைட்டியை மாட்டிக்கிட்டு இரை போட்டுக் கூப்பிட்டீங்களாமே! இப்பத்தான் பக்கத்து வீட்டு அக்கா சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கறிக்குத்தான் வளர்த்தோம், இல்லேங்கலை. ஆனா நான்னு நம்பித்தானே அது பக்கத்துல வந்துச்சு? வெட்கமா இல்லை?

நான் வேலைக்குக் கிளம்பறேன். சாயங்காலம் வந்ததும் என்கிட்ட பேச்சுக் கொடுக்காதீங்க.

இன்னொண்ணு. மிச்சமிருக்கிற பெட்டை வான்கோழிக்கு நீங்களே தண்ணி வைங்க. காலையில விஷயம் தெரியாம அதே நைட்டியோட போனேன். என்னைப் பார்த்ததும் அலறிக்கிட்டு ஓடி, கூண்டுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு.