சமையல் மேடையின் உயரம்

என் வீட்டம்மாவுக்கு,

ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். சாயங்காலங்கள் சும்மா கிடந்தன. கம்ப்யூட்டரில் வீட்டுப் படம் வரையும் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. பஸ் ஓட்டிப் பழகிய கைக்கு மவுஸ் அடங்கவே மாட்டேன் என்கிறது.

முதலில் நம் வீட்டைத்தான் வரைந்தேன். மில்லிமீட்டர் என்று வைக்க வேண்டியதை மீட்டர் என்று வைத்துவிட்டேன். சொல்லிக்கொடுக்கும் பெண் எட்டிப் பார்த்து, "சார், உங்க ஹாலைக் கடக்கவே பஸ் பிடிக்கணும் போலிருக்கே!" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

இப்போது ஓரளவு கை வந்துவிட்டது. உன் சக்கர நாற்காலியை ஒரு சின்னக் கட்டமாக வரைந்து, திரையில் அறை அறையாக நகர்த்திப் பார்த்தேன். படுக்கையறையில் தாராளமாகத் திரும்புகிறது. குளியலறை வாசலில் முட்டியது. வாசலை அகலமாக்கி, வெளிப்படிகளுக்குப் பதில் சரிவுப் பாதை போட்டு, படத்தைக் கொத்தனாரிடம் கொடுத்தேன்.

அவர் தயங்கினார். "இடிச்சிடலாம்ண்ணே. ஆனா அண்ணி ஆஸ்பத்திரியிலேருந்து நேரா அவங்க அம்மா வீட்டுக்குப் போறதா கேள்விப்பட்டேனே?"

"நீ இடிப்பா" என்றேன்.

நேற்று இடித்தாயிற்று. வீடெல்லாம் தூசி.

சமையல் மேடை மட்டும் பாக்கி. உட்கார்ந்தபடி உன் முழங்கை எந்த உயரத்தில் வரும் என்று தெரியாமல் அந்தக் கோட்டைப் போட முடியவில்லை. நீ இன்னும் அந்த நாற்காலியைத் தொடவே இல்லை என்று நர்ஸம்மா போனில் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை உட்கார். தரையிலிருந்து முழங்கை வரை அவர்களை அளக்கச் சொல். தோராயமாகப் போட எனக்கு மனசில்லை.

கொத்தனார் காத்திருக்கிறார்.

உன் வீட்டுக்காரன்