தேசிக்காய்ப் புளியில் போன சிவப்பு

யூன் 9, செவ்வாய்

இன்று பட்டறையில் இருந்தவர்கள்: இரும்பு அடிக்கிற மாஸ்ட்ரோ தூரி, ஆராய்ச்சி செய்கிற தொத்தொரேசா கியாரா, தைக்கிற நான். தூரியின் கிழட்டு நாய் நேரோ. வேறு ஒருவரும் இல்லை. பிறகு யாராவது தானும் நின்றதாகச் சொன்னால் பொய்.

விடியவே சிரோக்கோ காற்று. ஆபிரிக்காவின் மண் முழுக்க என் கண்ணுக்குள். போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்காரன்கூடக் கத்தவில்லை. முழங்கால் வலி, இடது. பின்னேரம் வலதும்.

முன்பக்கத் துணி முடிந்தது. முதுகு பாதி. மெழுகு நூல் தீரப்போகிறது, தூரியிடம் சொல்ல வேண்டும். மூன்று முறை சொல்லியாயிற்று.

ஒரு மடத்தனம். போன வெள்ளிக்கிழமை கியாரா போகும்போது, செவ்வாய்க்குப் புரோவா வேண்டும், புரோவா இல்லாமல் மேலே போக முடியாது என்றாள். இருபத்திரண்டு வருடம் இந்த இத்தாலி ஊர் சிஞ்ஞோராமாருக்குப் பாவாடை தைத்தவள் நான். புரோவா என்றால் தைத்ததை உடுத்திப் பார்ப்பது. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் குந்தியிருந்து சட்டை முழுவதையும் ஓடுதையலில் பிடித்து, குண்டூசி குத்தி, இன்று தூரியை பெனியனோடு நிறுத்தி மாட்டிவிட்டேன். கியாரா வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிஞ்ஞோரா றோசா, நான் கேட்டது அந்தப் புரோவா இல்லை. ஆதாரம். இந்தத் துணிக்கு என்ன நிறம் எண்டதுக்கு ஆதாரம்."

ஆதாரத்துக்கும் அதே சொல்லாம். ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிற சனம்.

தூரி: "ஆதாரம் வருமட்டும் நான் இதுக்குள்ளயே நிக்கிறதோ? கக்கத்தில குத்துது."

"அறுநூறு வருசத்துக்கு முந்தி அவனுக்கும் குத்தியிருக்கும்," என்றாள் கியாரா.

"அவனுக்குக் குதிரை இருந்தது. எனக்கு மூட்டுவாதம்."

அவன் என்பது நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போகிற கோயிலில் கல்லறை மேல் படுத்திருக்கிற கல் வீரன். அவன் உடம்பில் இருக்கிற கவசத்தைத்தான் திரும்பச் செய்கிறோம். வெளியே துணி, உள்ளே இரும்புத் தகடுகள், இரண்டையும் பிடிக்கிற ஆணிகள். வெளியில் பார்த்தால் ஆணித்தலை மட்டும், மூன்று மூன்றாக. கியாரா கல்லின் மேல் காகிதம் போட்டு ஒவ்வொரு ஆணித்தலையையும் பென்சிலால் தேய்த்து எடுத்தாள். ஆணி போகிற வரிசையை வைத்து உள்ளே தகடு எவ்வளவு அகலம் என்று கணக்குப் பார்த்தாள். பழைய கோட்டை ஒன்றில் தோண்டி எடுத்த, துருப்பிடித்து உக்கிய தகடு ஒன்றை அளந்து பார்த்தாள், சரியாக வந்தது. செத்தவன் வீட்டுச் சாமான்களை எழுதிய பத்திரம் ஒன்றும் இருக்கிறதாம். அதில் "துணி போர்த்த கவசம் ஒன்று, பழையது" என்று மட்டும். செத்தவன் சாமானை எழுத வருகிறவன் எல்லாவற்றையும் பழையது என்றுதான் எழுதுவான்.

நிறம் எதிலும் இல்லை. ஆதாரம் இல்லாவிட்டால் சாயம் போடாத கன்வஸ் துணியிலேயே முடிக்கிறதாம். பக்கத்தில் வைக்கிற பலகையில் "நிறம் தெரியவில்லை" என்று எழுதுகிறதாம். யூலையில் கல்லறைக்குப் பக்கத்திலேயே வைக்கப்போகிறார்கள்.

நான் தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்தேன். நாலு தரம் தவறியது.

எனக்கு நிறம் தெரியும்.

யூன் 10, புதன்

வேலைக்குப் போகவில்லை. மகளிடம் வயிற்றுக்குத்து என்று சொன்னேன். இஞ்சித் தேநீர் போட்டுத் தந்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள். காற்று அடங்கவில்லை. கொடியில் போட்ட வெள்ளைத் துணி எல்லாம் மஞ்சள். திரும்பத் தோய்க்க வேண்டும்.

அன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன், யூலை 24, வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. அந்தக் கோயிலில் ஞாயிறு பின்னேரத்தில் தமிழ்ப் பூசைக்கு இடம் தந்த முதல் வருடம். கூட்டித் துடைக்கப் போனது இரண்டே பேர், நானும் பேசாலை ஊர்க்காரி பிலோமினாவும். வருவேன் என்று சொன்ன றீற்றா வரவில்லை. காரணமும் இன்றுவரை சொல்லவில்லை.

மெழுகுதிரிப் புகையில் கறுத்துப்போய் ஒரு கல் மனிதன் படுத்திருந்தான். கையில் வாள். அடுத்த நாள் சந்தியோகுமையோர் திருநாள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் வாளோடு குதிரையில் இருக்கிற புனிதர் அவர்தானே. பிலோமினா முழங்காலில் விழுந்துவிட்டாள்.

"குதிரை எங்கையடி?" என்று நான் கேட்டேன்.

"களைச்சுப்போய்ப் படுத்திட்டார் அக்கா. குதிரையை வெளியில கட்டியிருப்பார்."

திருநாளுக்கு முதல் நாள் சுரூபத்தை அழுக்கோடு விடுகிறதா? உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு, ஊரிலிருந்து வந்த தேங்காய்த் தும்பால் தேய்த்தோம். வலது பக்கம் நான். சுவர்ப் பக்கம் அவள். அவளுக்கு மெல்லிய விரல், மடிப்புக்குள்ளே எல்லாம் கொண்டை ஊசியால் கிண்டி எடுத்தாள். கறுப்புப் போனதும் கீழே சிவப்பு. காவி இல்லை, குங்குமம் இல்லை. பீற்றூட் கறித் தண்ணீர் வெள்ளைச் சோற்றில் பட்டால் வருமே, அந்த நிறம். ஆணித்தலைகளில் மஞ்சள். பார்த்துக்கொண்டிருக்கவே இரண்டும் கரைந்து வாளிக்குள் போனது. பிலோமினா இரத்தம் என்று நினைத்து அழுது அழுது நெற்றியில் பூசிக்கொண்டாள். நான் பூசவில்லை. சாயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தேய்த்தேன். அழுக்கைக் கண்டால் என் கை நிற்காது.

வாளித் தண்ணீரை வெளியே எலுமிச்சை மரத்தடியில் ஊற்றியது நான்.

பிறகு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் அர்ச்சியசிட்டவர் இல்லை, ஆரோ ஒரு பிரபு என்று. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பிறகு கதைக்கவே இல்லை.

யூன் 12, வெள்ளி

காற்று நின்றது. சொல்லிவிட்டேன்.

தூரி சுத்தியலைக் கீழே வைத்தார். கியாரா முக்காலியில் இருந்தாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், திரும்பப் போட்டாள், திரும்பக் கழற்றினாள்.

"தேசிக்காய்," என்றாள்.

"ஓம். உப்பும்."

"கடவுளே. உப்பும்."

தூரிதான் முதலில் சிரித்தார். "இருபது தலைமுறை துடைக்காமல் விட்டதை நோன்னா ஒரு பின்னேரத்தில முடிச்சிட்டா." நோன்னா என்றால் இங்கே பாட்டி. பிறகு முகம் மாறியது. "ஆணி மஞ்சள் எண்டு சொன்னியளோ? நிச்சயமோ?"

"நிச்சயம்."

"மஞ்சள் எண்டால் பித்தளை. நான் முன்னூறு இரும்பு ஆணி அடிச்சு வச்சிருக்கிறன்."

"நான் என்ன செய்ய?"

பத்து மணிக்கு மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். கியாரா தலையில் விளக்குக் கட்டி, உருப்பெருக்கியோடு ஒன்றரை மணித்தியாலம் பார்த்தாள். கக்கம், கழுத்து மடிப்பு, இடுப்புப் பட்டிக்குக் கீழே. ஒரு பொட்டுக்கூட இல்லை. பல் விளக்கிய மாதிரிச் சுத்தம். கொண்டை ஊசி.

வெளியே வந்து படியில் இருந்தோம். கியாரா எனக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தாள்.

"நான் உங்களை நம்புறன்," என்றாள். "ஆனால் ஒராள் சொன்னதை வச்சு நான் துணிக்கு நிறம் போட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அண்டைக்குக் கண்ட மற்றவவும் தனியாக அதையே சொன்னால், இரண்டு சாட்சி. பலகையில் எழுதலாம். பேர் போடமாட்டன், இரண்டு பேரின்ரையும்."

பிலோமினா சொல்வாள் என்றேன். நெற்றியில் பூசியவள் மறப்பாளா?

ஒரு வாளித் தண்ணீரோடு நான் ஊற்றியதைத் திரும்ப வைக்க ஒரு வழி இருக்கிறது. இது ஒன்றுதான்.

யூன் 13, சனி

நூல் வாங்கியாயிற்று (நானே போனேன்). பேத்திக்குச் சளி. பருப்பு, முருங்கைக்காய் முடிந்தது. கத்தரிக்காய் நாலு.

சந்தைக்குப் பக்கத்துத் துணிக்கடையில் சிவப்புக் கம்பளித் துணி ஒன்று கண்டேன். கிட்டத்தட்ட அந்த நிறம்தான், கொஞ்சம் கூட இருண்டது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். கடைக்காரன் "ஆருக்கு நோன்னா, பாவாடையோ?" என்று கேட்டான்.

யூன் 14, ஞாயிறு

பூசை முடிந்து பக்க அறையில் தேநீர். பிலோமினா கழுத்தில் கோயில் சாவி, நாடாவில் கோத்து. போன வருடந்தான் தந்தார்கள். அதைப் பதக்கம் மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறாள்.

"பிலோமினா, கல்லுச் சிலையைக் கழுவினது ஞாபகம் இருக்கே?"

"எந்தச் சிலை?"

"நீ முழங்காலில விழுந்த சிலை."

வாயைப் பொத்திச் சிரித்தாள். "ஐயோ றோசக்கா. அதைப் போய் ஆரிட்டையும் சொல்லிப்போடாதைங்கோ. வெக்கக்கேடு."

"சொல்லிப்போட்டன்."

சிரிப்பு நின்றது. என்னைக் கையில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். எல்லாம் சொன்னேன், கவசம், நிறம், இரண்டு சாட்சி.

"உங்களுக்கென்ன விசரே? பத்து வருசம் கெஞ்சித்தான் இந்தச் சாவி எங்கட கையில வந்தது. தமிழாக்கள் கல்லறையைச் சுரண்டிப்போட்டினம் எண்டு தெரிஞ்சால் பூசையை நிப்பாட்டிப்போடுவினம். பிறகு எங்கை போறது? அடுத்த ஊர் பகேரியாவுக்கு ரெயின் ஏறியோ?"

"பேர் போடமாட்டினமாம்."

"பேர் போடாட்டி என்ன? அந்தக் கோயில் கூட்டுற ஆக்கள் ஆர்? சீனாக்காரரே?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை எழுதி வைக்கிறேன். வீட்டுக்கு வந்தும் நினைத்தேன், எண்பது குடும்பம், பிள்ளைகளின் முதல் நன்மைச் சடங்கு, செத்தவர்களின் பூசை எல்லாம் அந்தச் சாவியில்தான். ஆனாலும்.

"ஒரு சொல்லுத்தான் பிலோமினா. சிவப்பு எண்டு சொல்லிப்போட்டு நீ வேலைக்குப் போ."

"சரி வாறன். பாப்பம்."

யூன் 16, செவ்வாய்

இருந்தவர்கள்: தூரி, கியாரா, நான், பிலோமினா. நாய்.

வேலைச் சட்டையோடு வந்தாள், சிஞ்ஞோரா வீட்டுக்குப் போகிற வழியில். கியாரா மரியாதையாகக் கோப்பி கொடுத்தாள். நான் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லி என்னைத் தூரத்தில் இருத்தினாள். சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்ததாக இருக்கக் கூடாதாம். நிறம் என்ற சொல்லையே எடுக்காமல்தான் கேட்டாள்.

"அந்தக் கல்லறையைத் துடைத்த நாளில் என்ன கண்டீர்கள்?"

பிலோமினா கோப்பையைப் பார்த்தாள். நல்ல இத்தாலியனில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: "ஒன்றும் ஞாபகம் இல்லை. நாங்கள் தூசி மட்டும்தான் தட்டினோம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"றோசக்கா பாவம்," என்றாள், அதையும் இத்தாலியனிலேயே. "வயசு போட்டுது. இப்ப கொஞ்ச நாளாக் குழம்பிப்போறா. ஊரில கண்டதையும் இஞ்சை கண்டதையும் ஒண்டாக்கிக் கதைப்பா. வீட்டு ஆக்களுக்கும் தெரியும்."

வந்து என் தோளைத் தடவினாள். பிள்ளையைத் தடவுகிற மாதிரி.

கியாரா என்னைப் பார்த்த பார்வை. கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை, இரக்கம். தூரி நாயைக் கூப்பிட்டார், நாய் ஏற்கெனவே அவர் காலடியில்தான் கிடந்தது.

நான் அவளுக்குப் பின்னால் தெருவுக்குப் போனேன்.

"கோவிக்காதைங்கோ அக்கா," என்றாள். தமிழில். "எனக்கு மறக்குமே? அந்தச் சிவப்பு ரெண்டு நாள் நெத்தியில நிண்டது. மனுசன்கூட என்ன அடிபட்டதோ எண்டு கேட்டவர். தேசிக்காய் ஆறு நான்தானே கொண்டந்தனான். ஆனால் நான் இதைச் சொன்னால் எல்லாரும் அழியிறம். உங்களுக்கு என்ன, வயசானாக்களை ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்."

"ஏழு," என்றேன்.

"என்ன?"

"நீ கொண்டந்தது ஏழு. ஒண்டு அழுகல்."

பேருந்து வந்தது. ஏறிவிட்டாள்.

யூன் 18, வியாழன்

வெயில். காற்று இல்லை.

கியாரா வந்து பக்கத்தில் இருந்தாள். என் சொல்லையும் எழுதலாம், அறிக்கையில் கடைசிப் பக்கத்தில் சின்னதாக, "ஒரு வயதான பெண்ணின் நினைவு, உறுதியில்லாதது" என்று போடலாம் என்றாள். நல்ல மனத்தோடுதான் கேட்டாள். உறுதியில்லாதது என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதுவாயா என்று கேட்டேன். முடியாது என்றாள். அப்படியென்றால் எழுதாதே என்றேன்.

தூரி இரும்பு ஆணியைப் போட்டு முதல் தகட்டைப் பூட்டினார். மத்தியானம் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் முன்னால் வைத்தார்.

முதுகு முடிந்தது. கன்வஸ், சாயம் இல்லாதது. தையல் நேர், ஒரு குறையும் இல்லை.

கியாராவில் கோபம் இல்லை, அவள் வேலை அது. சாவியைத் தந்தவர்களில் இல்லை. தேய்த்த என் கையில்கூட இப்போது இல்லை, களைத்துப் போனேன். பூசைக்காகச் சொன்ன பொய்யை நானே சொல்லியிருப்பேனோ என்னவோ, அதையும் விடுகிறேன். ஆனால் என் ஞாபகம் குழம்பிப்போனது என்று, நான் இருக்கத்தக்கதாக, என் தோளைத் தடவிச் சொன்னவளை விடவில்லை. பேசாலை, சவிரிமுத்து மகள் பிலோமினா.