ஓரக் குறிப்புகளை அழித்தவன்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று பழுதுபார்க்கும் அறைக்குப் பதினேழு புத்தகங்கள் வந்தன. பதினாறுக்கு முதுகு போயிருந்தது. ஒன்றை யாரோ தண்ணீரில் போட்டு எடுத்திருக்கிறார்கள். கவுண்டர்காரர் அதைக் கொண்டுவந்து வைத்து, "ரப்பர் சார், இது குளிச்சிட்டு வந்திருக்கு, தலை துவட்டி விடுங்க" என்றார். நூலகத்தில் என் பெயர் ரப்பர். புத்தகத்தை மறுபடி தைப்பதற்கு முன் வாசகர்கள் எழுதிவைத்த பென்சில் குறிப்புகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. பேனாவில் எழுதியிருந்தால் தொடக்கூடாது, காகிதம் போய்விடும். பென்சில் என்றால் தடமே தெரியக்கூடாது. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை, பத்தொன்பது வருஷப் பழக்கம்.

பதினேழில் ஒன்று பழைய எகிப்தின் கடவுள் கதைகள். தடிப் புத்தகம், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. அழிக்க உட்கார்ந்தவன் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சூரியக் கடவுள் ரா பொழுது சாய்ந்ததும் படகில் ஏறிப் பாதாளத்துக்குள் போகிறார். பன்னிரண்டு மணி நேரப் பயணம். அதன் ஓரத்தில்: "நமக்கும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுதான். ஆனா நம்ம ஆம்புலன்ஸ்ல சூரியன் ஏறாது."

அங்கே வாசலுக்கு வாசல் காவல்காரன். அவன் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் செத்தவனுக்கு வழி. ஓரத்தில்: "எமர்ஜென்சி கேட்ல செக்யூரிட்டியும் இதே கதைதான். பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் சீக்கிரம் திறப்பான். நாலு பேர் பேரும் மனப்பாடம்."

செத்தவனின் நெஞ்சைத் தராசில் வைத்து ஓர் இறகோடு எடை போடுகிறார்கள். பாவம் செய்திருந்தால் நெஞ்சு கனக்கும். ஓரத்தில்: "ஸ்ட்ரெச்சர் தூக்கறவனுக்கு எதுக்குத் தராசு?"

யாரோ ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர். முதலில் சிரித்தேன். பிறகு பொறாமை வந்தது. இருபது வருஷமாக நானும் கதை எழுதப் பார்க்கிறேன். இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை.

பிப்ரவரி 4, புதன்

எல்லாவற்றையும் இந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டேன். நூற்றுப் பதினோரு குறிப்புகள். அப்புறம் அழித்தேன். வழக்கம்போலச் சுத்தமாக.

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுதிவிட்டேன்! காலையில் உட்கார்ந்தவன் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர், ராவின் படகோட்டி. வண்டிதான் படகு. ஒவ்வொரு சிக்னலும் ஒரு வாசல். கடைசியில் அவன் நெஞ்சையே தராசில் வைக்கிறார்கள், இறகைவிட லேசாக இருக்கிறது. தலைப்பு: பன்னிரண்டாவது வாசல்.

மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, பேனா தேயத் தேய எழுதறீங்க? புதையல் ஏதாவது கிடைச்சுதா?" என்றாள். கிடைத்ததா என்று கேட்டால் என்ன சொல்வது? படித்தால்தான் எழுத வரும் என்பார்கள். நானும் படித்துத்தானே எழுதினேன்.

ஆனால் நான் படித்தது புத்தகத்தையா, புத்தகத்தைப் படித்த மனிதரையா? சரி, விடு. ஊர் பேர் தெரியாத ஆள்.

மார்ச் 2, திங்கள்

நூலக வாசகர் கூட்டத்தில் கதையை வாசித்தேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள். செக்யூரிட்டி பெயரை மனப்பாடம் செய்துவைக்கும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தராசு வந்தபோது ஒருவர்கூட இருமவில்லை. தலைமை நூலகர் எழுந்து, "இத்தனை வருஷமா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? ஆண்டு மலர்ல முதல் கதை இதுதான்" என்றார். பிறகு கேட்டார், "ஆம்புலன்ஸையும் எகிப்தையும் எப்படிச் சேர்த்தீங்க?"

"சும்மா தோணுச்சு மேடம்" என்றேன்.

வாய் கூசவில்லை. அதுதான் இப்போது கூசுகிறது.

மார்ச் 6, வெள்ளி

கவுண்டரில் ஓர் அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் அளவெடுக்கும் நாடா. எடுக்க மறந்து வந்துவிட்டார் போல. எகிப்துப் புத்தகம் வேண்டும் என்றார். வேறெதுவும் வேண்டாம், அதேதான் வேண்டுமாம். கவுண்டர்காரர், "நம்ம ரப்பர் சார் அதை வச்சுத்தான் பிரமாதமா ஒரு கதை எழுதியிருக்காரு" என்று என்னைக் காட்டிவிட்டார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்படியா சார்? எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் புக்குன்னா உயிர். ஆம்புலன்ஸ் ஓட்டினாரு. ஆஸ்பத்திரி வாசல்ல காத்திருக்கிற நேரமெல்லாம் அதைத்தான் படிப்பாரு. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சும் போச்சு. 'இல்ல', 'போ', ரெண்டு வார்த்தைதான் வருது. பேச்சுப் பயிற்சி தர்ற டாக்டரம்மா, அவரே சொன்னது, அவரே எழுதினது ஏதாவது இருந்தா படிச்சுக் காட்டுங்கன்னாங்க. வீட்ல மளிகை லிஸ்ட்டுகூட நான்தான் எழுதுவேன். அவரு எழுதினதெல்லாம் அந்தப் புக்கு ஓரத்துலதான்."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். புதுத் தையல், புது அட்டை. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

மார்ச் 7, சனி

நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களைத் திறந்தேன், மூடினேன்.

மார்ச் 9, திங்கள்

எகிப்தில் செத்தவன் நாற்பத்திரண்டு தேவர்கள் முன் நின்று, செய்யாத குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். திருடவில்லை, பொய் சொல்லவில்லை, ஒட்டுக்கேட்கவில்லை என்று. நானும் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் திருடவில்லை. எழுதி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.
நான் பொய் சொல்லவில்லை. 'சும்மா தோணுச்சு' என்பது பொய்யா? தோன்றியதுதான். வேறொருவருக்கு.
நான் யாருடைய பேச்சையும் பறிக்கவில்லை. விதிப்படி அழித்தேன். விதி!

மூன்றாவதிலேயே மூச்சு வாங்குகிறது. நெஞ்சைப் பார்த்து, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே என்று அந்தக் காலத்திலேயே கெஞ்சியிருக்கிறார்கள். அந்த இடத்தில் டிரைவர் எழுதியிருந்தது: "வண்டி பின்னாடி படுத்திருக்கிறவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. வேற வேற வார்த்தைல."

மார்ச் 10, செவ்வாய்

அந்த அம்மா வந்தார். புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"சார், ஒரு எழுத்துகூட இல்லையே. ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொரு பக்கமா சாய்ச்சு சாய்ச்சுப் பார்த்துட்டேன்."

அட்டையைத் தடவிக்கொண்டே, "லைப்ரரி புக்குல பேனால எழுதாதீங்க, பென்சில்னா யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாருமில்லை. நாட்குறிப்பு பையில்தான் இருந்தது, ஒரு கை நீட்டினால் எட்டும். சொன்னால் கதை போகும், மலர் போகும், கூட்டத்தில் கைதட்டியவர்கள் காறித் துப்புவார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது இந்த மூளை. வாய் சொன்னது:

"வேற காப்பியா இருக்கும்மா. பழைய காப்பி கழிச்சுப் போட்டிருப்பாங்க."

"அப்படியா" என்றார். புத்தகத்தை என் பக்கம் தள்ளி வைத்தார். "உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன் சார், மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. என்கிட்ட! சீ. என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 12, வியாழன்

மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, உங்க கதையை க்ளாஸ்ல படிச்சேன். மிஸ் கேட்டாங்க, உங்கப்பா ஆம்புலன்ஸ்ல வேலை பார்த்தாராம்மா, இவ்ளோ நிஜமா இருக்கேன்னு. இல்ல மிஸ், எல்லாம் எங்கப்பா கற்பனைன்னு சொன்னேன்."

பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், யார் என்ன சொன்னாலும் சீட்டைப் படிக்கிற மாதிரி கடைசிவரை கேட்பாள். கேட்டு முடித்து ஒன்றே ஒன்று சொன்னாள்:

"இப்ப யார்கிட்ட சொல்றீங்க? என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?"

மார்ச் 14, சனி

போனேன். முகவரி உறுப்பினர் பதிவேட்டில் இருந்தது.

முன்னறையிலேயே தையல் மிஷின், துணி மூட்டைகள். ஜன்னலோரம் கட்டில். டிரைவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் நல்ல உயரம். வலது கை மடியில் சும்மா கிடந்தது. அந்த அம்மா, "நூலகத்து சார் வந்திருக்காரு பாருங்க!" என்று சந்தோஷமாக நாற்காலி இழுத்துப் போட்டார். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே இருந்தேன்.

நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களை வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். செக்யூரிட்டி வந்தபோது கட்டிலில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. பயந்து திரும்பினேன். சிரிக்கிறார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது, ஆனால் கண் இரண்டும் சிரித்தன. அந்த அம்மா படிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இது எப்படி சார் உங்ககிட்ட?"

சொன்னேன். அழித்தது, அதற்கு முன் எழுதி வைத்துக்கொண்டது, கதை, கைதட்டல், எல்லாம். கதையின் அச்சுப் பிரதியையும் கட்டில்மேல் வைத்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. "அழிச்சது உங்க வேலை. அதை நான் குத்தம் சொல்லல. கதை எழுதினீங்க, அதுகூட அவரு பாடு உங்க பாடு. ஆனா செவ்வாய்க்கிழமை என் மூஞ்சியைப் பார்த்து, வேற காப்பின்னு சொன்னீங்களே. அது என்ன வேலை சார்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"கிளம்புங்க" என்றார். டிரைவர் இடது கையை நீட்டிப் பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

தலைமை நூலகரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "மலர்லேர்ந்து எடுத்துடறேன்" என்றார். பிறகு, "கூட்டத்துலயும் நீங்களே சொல்லிடுங்க" என்றார். அது அடுத்த மாதம். முப்பது பேர்.

மகளிடமும் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

கவுண்டரில் எனக்கு ஒரு கவர். அந்த அம்மா கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாராம். உள்ளே என் கதை.

முதல் பக்கத்தில் என் பெயர்மேல் பென்சிலால் ஒரே கோடு. அடித்துவிட்டு டிரைவர் தன் பெயரை எழுதியிருப்பார் என்று பார்த்தேன், எழுதவில்லை. உள்ளே ஓரங்களில் கோணலும் மாணலுமாக, எழுதிப் பழகாத இடது கையின் எழுத்து. நான் வண்டியின் பக்கவாட்டுக் கதவால் ஸ்ட்ரெச்சரை இறக்கியிருந்தேன். அங்கே "பின்னாடி". கதையில் டிரைவர் அழும் இடத்தில் "பொய்". மூன்றாம் பக்கத்தில் "பொய்". ஐந்தாம் பக்கத்தில் அவருடைய வரிகள் மூன்றுக்கும் அடிக்கோடு, ஒன்றுகூட விடவில்லை.

கடைசியில், நெஞ்சு இறகைவிட லேசாக இருக்கும் அந்த முடிவுக்குக் கீழே, இரண்டு வார்த்தை. "நீ எங்க?"

கவுண்டர்காரர் என்ன சார் அது என்றார். திருத்தம் என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

நீ எங்க. நீ எங்க. நாள் முழுக்க இதுதான்.

எகிப்தில் தோத் என்று ஒரு கணக்கெழுத்துக் கடவுள் உண்டு. தராசுக்குப் பக்கத்தில் நின்று, நெஞ்சின் எடையை எழுதுபவர். அவருக்கு நாணல் தாள்கள் நிறைய வேண்டியிருந்திருக்கும். அப்படியானால் பழைய தாளைச் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுக்க ஒரு வேலையாள் இருந்திருப்பான் அல்லவா? புத்தகத்தில் அப்படி ஒருவன் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தடவை ஒரு பக்கம் எழுதவே மூன்று மணி நேரம்.

ஏப்ரல் 6, திங்கள்

கூட்டத்தில் சொன்னேன். யாரும் காறித் துப்பவில்லை. யாரும் பேசவுமில்லை. அது இன்னும் மோசம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கூப்பிடாத வீட்டுக்கு மறுபடி போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் யோசித்து, விலகி நின்றார். உட்காரச் சொல்லவில்லை. மிஷினுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

கட்டில் பக்கத்தில் நின்றே வாசித்தேன். தோத்தின் சுரண்டுகாரன் செத்துப்போய் அதே தராசுமுன் நிற்கிறான். நாற்பத்திரண்டு பேரும் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருக்கிறான்: என் வேலையைத்தான் செய்தேன். உன் பெயரில் ஒரு வரியாவது உண்டா என்று கேட்டு, தோத் தன் பதிவைப் புரட்டுகிறார். எங்கே புரட்டினாலும் வெள்ளைத் தாள். அவ்வளவு சுத்தமாக அவனே சுரண்டியிருக்கிறான். அதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை, அங்கேயே நின்றுவிட்டது.

டிரைவர் சிரித்தார், அன்று செக்யூரிட்டிக்குச் சிரித்த அதே சிரிப்பு. இடது கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். தலையணைக்கு அடியிலிருந்து பென்சிலை எடுத்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, ஓரத்தில் எழுதினார்.

மிஷின் சத்தம் நின்றது. அந்த அம்மா எழுந்து வந்து, அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து வாய்விட்டுப் படித்தார்.

"'இது நீ.'"

என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

காது வரைக்கும் சுட்டது. தாளை வாங்கி, அந்த எழுத்தின்மேல் விரல் படாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.