விளக்கு வைப்பதற்குள்

மேல்சித்தாமூர்
14-8-1965

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெயந்தி எழுதுவது. இங்கே மாமா, அத்தை இருவரும் நலம். நான் நலமா என்று நீ கேட்டு எழுதினால்தான் சொல்வதாக இருக்கிறேன்.

நைனா வேலூர் ஜெயிலிலிருந்து செஞ்சிக்கு வந்துவிட்டாராம், மாமா சொன்னார். போன வாரம் "மாமா வூட்டுல நாலு நாள் இருந்துட்டு வா" என்று நீ என்னை பஸ் ஏற்றியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆறு வருஷமாக உன் பக்கத்தில் படுத்தவள் நான். அவர் வருகிறார் என்றதும் என் பாயைச் சுருட்டிவிட்டாய். தங்கச்சி ஜீவாவை மட்டும் வைத்துக்கொண்டாய். அவளுக்கென்ன, அவர் உள்ளே போனபிறகு பிறந்தவள், ஒரு அடியும் வாங்காதவள்.

அவர் உடைத்த என் இடது கை இன்னும் முழுசாக நீளாது. இங்கே தினமும் மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நம்மை அடிக்காதே என்று குறுக்கே வந்த உன் தம்பியின் ஒரு கண்ணைப் பறித்தவருக்கு நீ அங்கே சோறு போடுகிறாய். நடந்ததைக் கோர்ட்டில் சொன்னவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயசு. வெளியே வந்ததும் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாயே, மறந்துவிட்டதா?

என்னை எப்போது அழைத்துக்கொள்வாய்? தேதி போட்டு எழுது.

உன் மகள்
ஜெயந்தி

அருகன் துணை
செஞ்சி
6-9-1965

அன்பு மகள் ஜெயந்திக்கு அம்மாவின் ஆசிகள்.

நீ நலமா? கேட்டுவிட்டேன், இனி சொல். உடனே எழுதவில்லை என்று கோபப்படாதே. நாலு நாள் பார்த்துவிட்டு எழுதலாமென்று இருந்தேன். பார்த்துவிட்டேன். உன் நைனா மாறிவிட்டார்.

நம் வீட்டில் சண்டையெல்லாம் சோற்றில்தான் தொடங்கும். இருட்டினபின் குடித்துவிட்டு வந்து சுடுசோறு கேட்பார். நம் ஜைன ஜனத்தில் விளக்கு வைத்தபிறகு யார் அடுப்பு மூட்டுவார்கள், யார் சாப்பிடுவார்கள்? மாட்டேன் என்பேன், அடி விழும். இப்போது சூரியன் ராஜகிரி மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும் முன் தானாகவே வந்து உட்காருகிறார். "பொழுது போறதுக்குள்ள போட்டுடு மருதேவி" என்கிறார். சாப்பிட்டதும் படுத்துவிடுகிறார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெயிலில் இருந்தபடியே விரதம் எடுத்துக்கொண்டிருக்கிறார். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஜீவாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கோட்டையைக் காட்டப் போகிறார். அவளும் ஒட்டிக்கொண்டாள். "பெரியவ எப்ப வரா?" என்று உன்னையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தீபாவளிக்கு வந்துவிடு. அதன்பிறகு இங்கேயே இரு.

உன் அம்மா
மருதேவி

மேல்சித்தாமூர்
13-9-1965

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜீவாவைத் தோளில் தூக்கினார் என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வயிறு எரிகிறது. உன்னிடம் மறைப்பானேன்? என்னையும் தூக்கியிருக்கிறார், சுவரில் மோதுவதற்கு. ஒரே வீட்டில் பிறந்து அவளுக்கு ஒரு நைனா, எனக்கு ஒரு நைனாவா? அவளுக்கும் ஒரு அறை விழட்டும், அப்போது அம்மாவுக்குப் புரியும் என்றுகூட நினைத்தேன். அப்புறம் அழுதேன். ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

விரத விஷயம் சொல்கிறேன், கேள். எதிர்வீட்டு தனகோட்டி அண்ணன் இந்திப் போராட்டத்தில் பிடிபட்டு ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர். நீ எழுதியதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அஞ்சு மணிக்கே சோத்தப் போட்டு உள்ள தள்ளிப் பூட்டிடுவாங்க. வெளிய வந்தும் ரொம்ப நாள் எனக்கு அதே நேரத்துக்குத்தான் பசிச்சிது. இதுல இன்னா விரதம் இருக்குது?" என்றார்.

ஜெயில் மணி இன்னும் அவர் வயிற்றுக்குள் அடித்துக்கொண்டிருக்கிறது, அம்மா. நீ அதைத் தர்மம் என்கிறாய். நீ வா என்றால் நான் வந்துதான் ஆகவேண்டும். யார் இருக்கிற வீட்டுக்குக் கூப்பிடுகிறாய் என்று தெரிந்து கூப்பிடு.

ஜெயந்தி

அருகன் துணை
செஞ்சி
24-9-1965

ஜெயந்திக்கு,

தங்கச்சிக்கு அடி விழட்டும் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? பொறாமையில் நல்லதும் உனக்குக் கெட்டதாகத் தெரிகிறது.

அவருக்கு மல்லாட்டை மண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. கடலை மூட்டை வரத்து அதிகம், வர இருட்டிவிடுகிறது. நான் பொழுதோடு ஆக்கி மூடிவைத்துவிடுகிறேன். ஆறினதைப் பேசாமல்தான் சாப்பிடுகிறார். நேற்று மட்டும் "சுடுசோறு இல்லியா?" என்றார். கேட்டதோடு சரி. மண்டியில் நாளெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர் கேட்கமாட்டாரா?

தீபாவளிக்கு நீ வருகிறாய். அவரிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா

செஞ்சி
5-10-1965

என் கண்ணு ஜெயந்திக்கு,

பக்கத்துக் கடை உண்ணாமலை அம்மாளுடன் ஜீவாவை அனுப்புகிறேன். நீ தீபாவளிக்கு வராதே. எப்போதும் வராதே.

அவர் கேட்டபடி நேற்று விளக்கு வைத்தபிறகு அடுப்பு மூட்டினேன். ஒரு நாளும் செய்யாததைச் செய்தேன். அரிசி வேகும்வரைகூட அவர் பொறுக்கவில்லை. குடித்திருந்தார். தோளில் ஏறப்போன ஜீவாவைப் பிடித்துத் தள்ளினார், உதடு கிழிந்துவிட்டது. அப்புறம் என்னிடம் வந்தார். "கோர்ட்ல சாட்சி சொன்னாளே, அவ வரட்டும். அவளுக்கு இருக்குது" என்றார். உன்னை ஏன் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. நானே உன்னை அவர் கையில் கொடுக்க இருந்தேன்.

முதலில் உன்னை அனுப்பியது இதற்குப் பயந்துதான். அவருக்கு இடம் விடுவதற்காக இல்லை. அப்புறம் அவர் வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்து அந்தப் பயத்தை விட்டுவிட்டேன்.

நான் வரவில்லை. நான் இங்கே இருக்கும்வரை அவரும் இங்கே இருப்பார். நான் வந்தால் பின்னாலேயே அங்கே வருவார். என் தம்பிக்கு மிச்சம் இருப்பது ஒரு கண். ஜீவாவை உன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்.

அம்மா

மேல்சித்தாமூர்
6-10-1965

அம்மா,

இதைத் தபாலில் போடவில்லை. அவர் மண்டிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மாமாவே கொண்டுவருகிறார். தனகோட்டி அண்ணனும் கூட வருகிறார்.

ஜீவா வந்து சேர்ந்தாள். அவள் உதட்டை என்னால் பார்க்க முடியவில்லை. நான் கேட்டதுதானே விழுந்தது.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். மிச்சம் ஒரு கண் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "அக்கா அவங்கிட்டயே கிடக்கட்டும்னா நான் கண்ணக் குடுத்தேன்? வரட்டும் அவன். இந்தத் தடவ நான் ஒண்டியா இல்ல, தெருவே இருக்குது" என்றார்.

என் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. ஜீவா மேல் இருந்தது போய்விட்டது. நைனா மேல் இருக்கிறது. அத்தனை அடி அடித்தும் அவருக்கு நீ இருக்கிறாய். ஒன்றும் செய்யாத எனக்கு நீ இல்லை.

இதைப் படிக்கும்போது மாமா உன் எதிரில்தான் நிற்பார். நைனாவுக்காக ஆறு வருஷம் காத்திருந்தாய். எனக்காக, ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல், இப்படியே கிளம்பு.

உன் பெரிய மகள்
ஜெயந்தி